வயது போனால் படிப்பு குறையுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் மற்றவர்களுக்கும் விளங்குகிற மாதிரிச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. பிரிவின் வள விபரத் தொகுப்புக்காக வயது, பால், கல்வி மட்டம் மூன்றும் சேர்ந்த சலாகை வரைபுகள் ஐந்து போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அரைப் பக்கம் விவரித்து எழுதச் சொன்னார்கள். "வயது அதிகரிக்க அதிகரிக்கப் பெண்களின் கல்வி மட்டம் குறைந்து செல்கின்றது" என்று தொடங்கினீர்கள். மேலதிகாரி அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன பிழை என்று அவர் சொல்லவில்லை, அதனால் என்னிடம் கேட்கிறீர்கள்.

கேள்விக்குறி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. வயது போனால் முழங்கால் நோகும், கண் மங்கும், வைத்த சாவி எங்கே என்று மறக்கும். எடுத்த ஓ.எல். (சாதாரண தரம்) சான்றிதழ் எங்கே போகும்? முப்பது வயதில் ஏ.எல். (உயர்தரம்) பாஸ் பண்ணியவர் அறுபதிலும் ஏ.எல். பாஸ்தான். உங்கள் வரியை அப்படியே வாசித்தால், பிள்ளை படித்த படிப்பு வருடா வருடம் தேய்ந்துகொண்டு போகிறது என்று பொருள் வரும்.

உங்கள் வரைபு, தொகைமதிப்பு (சென்சஸ்) ஒரே நாளில் எடுத்த படம். அம்மம்மா, அம்மா, பேத்தி மூவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து எடுத்த படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேத்திக்கு வயது போனால் அம்மம்மாவின் படிப்புக்கு இறங்கிவிடுவாள் என்று யாரும் சொல்லமாட்டோம். அம்மம்மா சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பதை அவருடைய சலாகை காட்டுகிறது. பேத்தியின் சலாகை அவளுடைய காலத்தைக் காட்டுகிறது. அதாவது, வயது என்று எழுதியிருக்கிற அந்த அச்சு உண்மையில் ஒரு நாட்காட்டி. பின்னுக்குப் போகிற நாட்காட்டி. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மிச்சம் எல்லாம் தானாக வரும்.

கணக்கு சுலபம். தொகைமதிப்பு நடந்த ஆண்டிலிருந்து வயதைக் கழியுங்கள், பிறந்த ஆண்டு வரும். அதோடு 5 கூட்டினால் முதலாம் வகுப்புக்குப் போன ஆண்டு, 16 கூட்டினால் ஓ.எல். எழுதியிருக்க வேண்டிய ஆண்டு. வரைபின் ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொரு வயதுக் கூட்டத்துக்கும் பக்கத்தில் இந்த ஆண்டுகளை எழுதிவிட்டு, அதன் பிறகு பேனையை எடுங்கள்.

2012 குடிசன வீட்டுவசதித் தொகைமதிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கணக்கு நாள் 2012 மார்ச் 20. இலவசக் கல்வி வந்தது 1945இல். அப்போது ஐந்து வயதான பிள்ளைக்கு 2012இல் 72 வயது. ஆகவே, 75க்கு மேற்பட்டோரின் சலாகையையும் 60–64 சலாகையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இலவசக் கல்விக்கு முன்பே பள்ளி வயதைத் தொட்டவர்களையும் அது வந்தபின் பிறந்தவர்களையும் ஒப்பிடுகிறீர்கள். அதே மாதிரி, 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது 13 முதல் 17 வயதில் இருந்த பிள்ளைகள், அதாவது ஓ.எல்.லுக்கு முன்னும் பின்னுமாக நின்ற பிள்ளைகள், 2012 வரைபில் 35–39 என்ற கூட்டத்தில் இருப்பார்கள். 2004 டிசம்பர் சுனாமியும் 2006–2007 இடப்பெயர்வும் அடித்தது அதைவிட இளையவர்களை: 2012இல் இருபதை ஒட்டி நின்றவர்களை. வாகரையிலும் படுவான்கரையிலும் அந்த இரண்டு வருடமும் பிள்ளைகள் எந்த முகாமில் எந்தக் கொட்டிலின் கீழ் இருந்து படித்தார்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். உங்கள் வயதுக்காரர்கள்தானே.

ஆனால் அவசரப்பட வேண்டாம். 35–39இல் ஒரு பள்ளம் தெரிகிறது என்றவுடன் "1990 வன்செயலின் விளைவு" என்று எழுதிவிடாதீர்கள். பள்ளம் இருக்கிறது என்பதை வரைபு சொல்கிறது, ஏன் என்பதை அது சொல்லாது. அந்த வயதில் நன்றாகப் படித்தவர்கள் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்டாலும் அதே பள்ளம்தான் விழும். இதை ஓரளவு பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த தொகைமதிப்பின் கணக்கு நாள் 2024 டிசம்பர் 19. 2012இல் 35–39இல் இருந்தவர்களுக்கு அன்றைக்கு 47 முதல் 52 வரை வயது. பள்ளமும் அவர்களோடு சேர்ந்து 45–49, 50–54 கூட்டங்களுக்கு நகர்ந்திருந்தால், அது அந்தத் தலைமுறையோடு ஒட்டியது: படிப்புத் தடைப்பட்டதாகவும் இருக்கலாம், படித்தவர்கள் போய்த் திரும்பாததாகவும் இருக்கலாம். பள்ளம் நகராமல் 35–39இலேயே திரும்பவும் நின்றால், அது அந்த வயதில் ஊரைவிட்டுப் போகிற பழக்கத்தின் அடையாளமாக இருக்கலாம். பாருங்கள், இரண்டு தொகைமதிப்புக்கும் இடையில் கிட்டத்தட்ட 12 வருடமும் 9 மாதமும். ஐந்தால் பிரிபடாது. ஐந்து வயதுக் கூட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது, இரண்டு கூட்டங்களில் பரவித்தான் விழும். இதை விவரிப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

இதற்கு முந்தைய காலத்தோடு ஒப்பிடச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். 2001 தொகைமதிப்பு மட்டக்களப்பில் முழுமையாக நடக்கவில்லை. 1981க்குப் பிறகு நமக்குக் கிடைக்கிற முழுக் கணக்கு 2012தான். நடுவில் 31 வருடம். இரண்டு புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து "படிப்படியான வளர்ச்சி" என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 31 வருடத்தில் இங்கே எதுதான் படிப்படியாக நடந்தது? அம்பாறை 2001 தொகைமதிப்பில் முழுமையாக எண்ணப்பட்டது, அங்கே உங்களைப் போன்ற உத்தியோகத்தருக்கு இந்தத் தலையிடி இல்லை. வேறு தலையிடி இருக்கிறது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்தைய மட்டக்களப்புக் கணக்கில் கல்முனையும் அக்கரைப்பற்றும் உள்ளே இருக்கின்றன. 1953ஐயும் 1963ஐயும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு நிலப்பரப்பை ஒப்பிடுகிறோம். தவிர, அம்பாறையின் மாவட்டச் சராசரி, கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்களையும் கல்லோயாக் குடியேற்றங்களையும் தெகியத்தகண்டியையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய சோறு. அதிலிருந்து கரையோரத் திருக்கோவிலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

இனி, எந்தக் கல்வி மட்டத்தை எந்த வயதில் வாசிப்பது என்ற விஷயம். உங்கள் இரண்டாவது விவரிப்பில் "15–19 வயதினரிடையே பட்டதாரிகள் எவரும் இல்லை" என்று ஒரு வசனம் இருக்கிறது. உண்மைதான். எப்படி இருப்பார்கள்? படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையைப் படிப்பு முடித்தவரின் கணக்கில் நிறுத்தக்கூடாது. என் வழக்கம் இது: ஓ.எல். தேறியோரைப் பற்றி எழுதுவதென்றால் 20 வயதிலிருந்து தொடங்குவேன், ஏ.எல். என்றால் 25இலிருந்து. பட்டம் என்றால் 30 ஆகட்டும். நம் நாட்டில் ஏ.எல். முடித்து, இரண்டாம் தரம் எழுதி, வெட்டுப்புள்ளி வந்து, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ அனுமதி கிடைத்து, நடுவில் ஒரு வேலைநிறுத்தமும் முடிந்து வெளியே வர 26, 27 ஆகிவிடுகிறது. 20–24இல் பட்டதாரிகள் குறைவு என்பதில் செய்தி ஒன்றுமில்லை. அந்த வயதுகளை வரைபிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, நிறத்தைச் சற்று மங்கலாக்கி "இன்னும் கற்போர் அடங்குவர்" என்று அடியில் ஒரு வரி போட்டால் போதும்.

ஆண், பெண் ஒப்பீட்டுக்கு வருவோம். இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள், வழுக்குவதும் ஒரு சின்ன "இல்"லில்தான். "பாடசாலை செல்லாதோரில் பெண்கள் இத்தனை வீதம்" என்பது வேறு, "பெண்களில் பாடசாலை செல்லாதோர் இத்தனை வீதம்" என்பது வேறு. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிராமத்தில் 70 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 20 பேர், ஆண்கள் 10 பேர். பெண்களில் 10 பேரும் ஆண்களில் 5 பேரும் பள்ளிக்கூடம் போகவில்லை. இருபாலாரிலும் சரிபாதி, வித்தியாசமே இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகாத 15 பேரில் 10 பேர் பெண்கள், மூன்றில் இரண்டு பங்கு! இதை மட்டும் எழுதினால் பெண்களுக்குப் பெரிய அநியாயம் நடந்ததாகத் தெரியும். உண்மையில் அந்தக் கிராமத்தில் நடந்தது என்னவென்றால், கிழவர்கள் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இலங்கை முழுவதற்குமே 2012இல் 100 பெண்களுக்கு ஏறத்தாழ 94 ஆண்கள்தான். வயது கூடக் கூட இந்த இடைவெளி விரியும். நம் பக்கத்தில் யுத்தம் கொண்டுபோனவர்களையும் சேர்த்துப் பார்த்தால் நடு வயதிலும் விரியும். ஆகவே எப்போதும் பாலுக்குள் வீதம் எடுங்கள். பெண்களை 100 ஆக்குங்கள், ஆண்களைத் தனியாக 100 ஆக்குங்கள், அதற்குப் பிறகு ஒப்பிடுங்கள். "இல்" எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ அதுதான் 100.

இதே காரணத்தால்தான் உங்கள் நாலாவது வரைபு எனக்குப் பிடிக்கவில்லை. வயதை அடுக்காக்கி, ஆண்களை இடப்பக்கமும் பெண்களை வலப்பக்கமும் காட்டுகிற குடித்தொகைக் கூம்பகத்துக்குள் கல்வி மட்டங்களை நிறமாக அடுக்கியிருக்கிறீர்கள். பார்க்க அழகு. ஆனால் கூம்பகத்தில் சலாகையின் நீளம் ஆட்களின் எண்ணிக்கை, கல்வியின் அளவல்ல. வலப்பக்கம் நீளமாக இருந்தால் கண் உடனே "பெண்கள் கூடுதலாகப் படித்திருக்கிறார்கள்" என்று நினைத்துவிடும். எத்தனை பேர் என்று காட்ட அதை வையுங்கள். எந்த அளவு படித்தார்கள் என்று காட்ட, எல்லாச் சலாகையும் 100இல் முடிகிற கூட்டுச் சலாகை வரைபு ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள். இன்னொன்று, கூம்பகம் இடப்பக்கம் சாய எக்செல்லில் ஆண்களின் எண்ணிக்கைக்கு முன்னால் கழித்தல் குறி போட்டிருப்பீர்கள். அச்சு இலக்கங்களின் அமைப்பில் போய் அந்தக் குறியை மறைக்க மறக்காதீர்கள். நான் சரிபார்த்துக் கொடுத்த ஓர் அறிக்கையே ஒரு தடவை ஆண்கள் எல்லாரும் மைனஸில் அச்சாகி வந்தது. அந்த ஊர் ஆண்கள் என்னை நீண்ட நாள் விடவில்லை.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் உண்டு, கொழும்பில் அச்சடிக்கிற கையேடுகளில் அது வராது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போகிறான். அப்படியென்றால் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் 40 வயதுப் பெண்களில் கனபேர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள், அவர்களுடைய புருசன்மாரில் பலர் வேறு ஊர்களில் படித்துவிட்டு வந்தவர்கள். "எமது கிராமப் பாடசாலை ஆண்களை விடப் பெண்களை முன்னேற்றியுள்ளது" என்று அந்த வரைபை வைத்து எழுத முடியாது. ஆண்களின் சலாகை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களின் மார்க்குப் பட்டியல். இதைப் பிரதேச செயலக மட்டத்தில் எழுதும்போது பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், கிராம மட்டத்துக்கு இறங்கும்போது கட்டாயம் நினைவில் வையுங்கள்.

சரி, சலாகைக்குள் இருக்கிற நிறங்களைப் பற்றியும் கொஞ்சம். 2012இல் நானும் வீடு வீடாகப் போனவன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டில் எண்பது தாண்டிய ஆச்சி ஒருவர், தாவாரத்தில் பாய் போட்டு இருந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். படிவத்தை நீட்டியதும் மகன் முந்திக்கொண்டார்: "அவ படிக்கல்ல சேர், பள்ளிக்கூடம் போகல்ல எண்டு போடுங்க." ஆச்சி உரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஆரு சொன்ன? நான் ரெண்டாம் புத்தகம் முடிச்சன் மனே." பிறகு உள்ளே போய், வைகாசிச் சடங்குக்குப் படிக்கிற கண்ணகை அம்மன் பாட்டு எழுதின கொப்பியைக் கொண்டுவந்து, விரலை வைத்து இரண்டு வரி எனக்கு வாசித்தும் காட்டினார். அரிவரி, முதலாம் புத்தகம், இரண்டாம் புத்தகம் என்று எண்ணிய காலத்தை இன்றைய தரத்தில் எந்தக் கட்டத்தில் போடுவது? நான் ஆரம்பக் கல்வியில் போட்டேன். மகன் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் ஆச்சி "பாடசாலை செல்லாதோர்" நிறத்துக்குள் போயிருப்பார்.

ஆகவே மேல் வயதுச் சலாகைகளில் அந்த நிறத்தைப் பார்க்கும்போது, அதில் ஒரு பங்கு மற்றவர் வாய்மொழியாக வந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை "எழுத்தறிவற்றோர்" என்று மாற்றி எழுதவே வேண்டாம். காத்தான்குடியிலும் மருதமுனையிலும் பாடசாலை வாசலை மிதிக்காமல் ஓதப் பழகி, அறபு எழுத்தில் எழுதின அறபுத் தமிழ் வாசித்த மூத்த பெண்கள் இருந்தார்கள். பாடசாலை போனது ஒரு கேள்வி, எழுத வாசிக்கத் தெரியுமா என்பது இன்னொரு கேள்வி. எழுபதுகளில் ஓ.எல்.லுக்குப் பதிலாக வந்த தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் எழுதியவர்களும் ஓ.எல். நிறத்துக்குள்தான் இருக்கிறார்கள். அடிக்குறிப்பில் ஒரு வரி போதும்.

பழைய தலைமுறைப் பெண்களின் சலாகை ஏன் கட்டை என்பதை எழுதும்போது மாவட்டம் முழுவதையும் ஒரே தராசில் போடாதீர்கள். பட்டினத்தில் வின்சென்ற் மகளிர் பாடசாலை 1820இல் தொடங்கியது. அதே வாவியின் மற்றக் கரையில் இருந்த பிள்ளைக்கு மேல்வகுப்பு என்றால் தோணியோ, பாதை என்கிற மிதவையோ ஏற வேண்டும். மண்முனைத் துறையில் பாலம் வந்தது 2014இல். ஆண்பிள்ளை சைக்கிளைப் பாதையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பெரியபிள்ளையான மகளை எந்தத் தாய் அந்தக் கரைக்கு அனுப்பினாள்? இது என் அனுபவம் சொல்கிற காரணம். உங்கள் விவரிப்பில் வருவதானால் தனி வசனமாக, "காரணமாக இருக்கலாம்" என்ற சொல்லோடு வரட்டும்.

வரைபின் மறுமுனைக்கு வந்தால் கதை திரும்புகிறது. இளைய வயதுகளில் பெண்களின் ஏ.எல். பங்கு ஆண்களுடையதைத் தாண்டி நிற்பதைப் பல பிரிவுகளில் பார்க்கலாம், நாட்டின் பல்கலைக்கழக மாணவரிலும் பாதிக்கு மேல் பெண்கள்தான். உங்கள் வரைபில் பெண்கள் ஆண்களை எந்த வயதுக் கூட்டத்தில் தாண்டுகிறார்கள் என்று தேடுங்கள். விவரிப்பின் முக்கிய செய்தி அதுதான். ஆனால் அங்கேயும் ஒரு பொறி: நீண்ட காலமாகக் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஓ.எல்.லோடு நிறுத்தி வெளிநாடு போன பொடியன்மார் ஊரில் இருந்திருந்தால் இடைவெளி இன்னும் விரிந்திருக்கும். வீட்டு வேலைக்குப் போன தாய்மார் இருந்திருந்தால் சுருங்கியிருக்கும். எது கூட என்று வரைபை வைத்துச் சொல்ல முடியாது, பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைக்காரரின் பதிவைப் பார்க்கிற உங்கள் சக உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் முதல் பந்தியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன். இலக்கங்களை நீங்கள் நிரப்புங்கள்:

"இப்பிரிவில் 2012இல் 60 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஓ.எல். அல்லது அதற்கு மேல் கற்றோர் … வீதம், அதே வயது ஆண்களில் … வீதம். 1957க்கு முன் பள்ளி வயதை அடைந்த இத்தலைமுறையில் காணப்படும் இந்த இடைவெளி, இளைய கூட்டங்களுக்கு வர வரச் சுருங்கி, … வயதுக் கூட்டத்தில் மறைகிறது. அதற்கு இளைய கூட்டங்களில் பெண்களின் பங்கே கூடுதலாக உள்ளது. 35–39 கூட்டத்தில் இருபாலாரிலும் பங்கு அயல் கூட்டங்களை விடக் குறைவு. இவர்கள் 1990இல் 13 முதல் 17 வயதினர். 20 வயதுக்குக் கீழ்ப்பட்டோரில் பலர் இன்னும் கற்பதால் அவர்கள் இங்கு ஒப்பிடப்படவில்லை."

"அதிகரித்தது", "குறைந்தது", "வீழ்ச்சி கண்டது" ஒன்றும் இதில் இல்லை, கவனித்தீர்களா? ஒரே நாள் படத்தில் எதுவும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கூட இருக்கும், குறைய இருக்கும், அவ்வளவுதான். 35–39 பற்றிய வசனத்தில் வன்செயல் என்ற சொல்லும் இல்லை. ஆண்டைச் சொன்னால் போதும், இந்த மாவட்டத்தில் வாசிக்கிறவருக்கு அந்த ஆண்டு எதுவென்று தெரியும். உங்கள் பிரிவில் அப்படி ஒரு பள்ளம் இல்லாவிட்டால் அந்த வசனத்தை வெட்டிவிடுங்கள்.

மிச்ச நாலு வரைபையும் திருத்திவிட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன். அட்டவணையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வீதத்துக்குப் பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கையும் இருக்கட்டும். எட்டுப் பேர் இருக்கிற கூட்டத்துக்கு 12.5 வீதம் என்று தசமத்தில் எழுதியிருந்தீர்கள். அது ஒரே ஒரு ஆள் தங்கச்சி, ஊருக்குள் எல்லாருக்கும் அவரைத் தெரியும்.